அடிக்குறிப்புக்குச் சென்றவர் திரும்பும் வழி

எங்கள் பல்கலைக்கழக நூலகக் குழுவில் ஆய்வு மாணவர்களின் சார்பில் இவ்வாண்டு எனக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. மின்னூல்களை உலாவியிலேயே திறந்து படிக்க உதவும் வாசிப்புச் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டுவதா வேண்டாமா என்பது குழுவின் முன்னுள்ள கேள்வி. மூன்று மாதச் சோதனைக் காலம் முடியும் தறுவாயில் உள்ளது. மதிப்பீட்டுப் படிவத்தில் நூல்களின் எண்ணிக்கை, ஆண்டுக் கட்டணம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் படிக்கலாம், எத்தனை பக்கங்களை இறக்கிக்கொள்ளலாம் என்று பதினான்கு வினாக்கள் இருக்கின்றன. படித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஓர் அடிக்குறிப்புக்குச் சென்றவர் அதே இடத்துக்குத் திரும்ப முடிகிறதா என்ற வினா அவற்றுள் இல்லை. பதினைந்தாவதாக அதைச் சேர்க்கலாமே என்று கேட்டேன். மென்பொருள் செய்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய சிறு செய்தி அது என்று மறுமொழி வந்தது. சிறு செய்தி என்று நான் கருதவில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, நண்பர்கள் பொறுத்துக்கொள்க.

தில்லியில் இருந்துகொண்டு தமிழில் ஆய்வு செய்பவர்களுக்கு அச்சு நூல் எளிதில் வாய்ப்பதில்லை. நூலகத்தில் தமிழுக்கு உரிய அடுக்குகள் மெலிந்தவை. வேண்டிய பதிப்பைப் பார்க்க விடுமுறையில் ஊருக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே என் வாசிப்பில் பெரும்பகுதி உலாவியின் வழியேதான் நடக்கிறது. சென்ற பருவத்தில், தொல்காப்பியப் பொருளதிகாரத்துக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையை இத்தகைய வேறொரு செயலியில் படித்துவந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். உரையாசிரியர் மேற்கோள் காட்டும் சங்கப் பாடல்களுக்கு அதில் இணைப்புக் கொடுத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடு என்றே முதலில் மகிழ்ந்தேன். பாடலின் தொடக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு உரையாசிரியர் நகர்ந்துவிடும் இடங்களில் அகநானூற்றைத் தனியே தேடி எடுக்க வேண்டியதில்லை. தொட்டால் பாடல் முழுவதும் கண்முன் வந்துவிடும். வந்தது. படித்தேன். உலாவியின் பின்செல் பொத்தானை அழுத்தினேன். நூலின் அட்டை வந்து நின்றது.

சில வாரங்களில் அந்தச் செயலி புதுப்பிக்கப்பட்டது. பழைய குறை நீங்கிப் புதிய குறை ஒன்று வந்து சேர்ந்தது. இப்போது ஒவ்வொரு பக்கம் புரட்டலையும் அது ஓர் அடியாக எண்ணத் தொடங்கியிருந்தது. பாடலைப் படித்துவிட்டு முன்னும் பின்னுமாகச் சில பக்கங்கள் புரட்டியிருந்தேன் என்றால், அத்தனை பக்கங்களையும் ஒவ்வொன்றாக மீண்டும் கடந்துதான் உரைக்கு வர முடியும். பொறுமையோடு அழுத்தி வந்து சேர்ந்தாலும் விட்ட வரியில் இறங்குவதில்லை. அந்த நூற்பாவின் தொடக்கத்திலோ அதற்கு அருகில் ஓரிடத்திலோ கொண்டுபோய் விடும்.

"அருகில்" என்பது போதாதா என்று கேட்கலாம். களவியலில் தோழி கூற்றுப் பற்றிய நூற்பாவைப் படித்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். ஒரே நூற்பாவின் கீழ்ப் பல துறைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு துறைக்கும் மேற்கோள் உண்டு, சிலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்டவை. ஒரு பாடலைப் பார்த்துவிட்டு வேறொரு துறையின் அருகே இறங்கிய நான், அப்பாடலை அந்தத் துறைக்கே உரியதாகக் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பின்மேல் இரண்டு பக்க வாதத்தையும் கட்டினேன். நெறியாளர் அச்சுப் பதிப்பை வைத்துக்கொண்டு சரிபார்த்தார். "இது இந்தத் துறைக்கு உரிய மேற்கோள் இல்லையே, அம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இரண்டு பக்கமும் போயிற்று. பிழை என்னுடையதுதான், கண் விழித்துப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அச்சு நூலில் இப்பிழை எனக்கு நேர்ந்திருக்காது என்றும் உறுதியாகச் சொல்வேன். இடக்கைச் சுட்டுவிரல் உரையின் பக்கத்தில் செருகியபடியே இருந்திருக்கும்.

அந்த விரலைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன். நூலைப் படிப்பவர் எல்லோரும் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு இன்னொரு பக்கத்தைப் பார்க்கிறோம். சொல்லடைவைப் பார்த்துவிட்டு உரைக்கு வருகிறோம். படத்தைப் பார்த்துவிட்டுப் பத்திக்கு வருகிறோம். மூன்று இடங்களைப் பிடிக்க மூன்று விரல்கள், அதற்கு மேல் என்றால் கிழித்த தாள் துண்டுகள். இது நமக்கு யாரும் கற்பித்த திறன் அன்று. இடத்தை இழந்துவிடுவோம் என்ற அச்சம் இல்லாததால்தான் நடுவில் எழுந்து போகத் துணிகிறோம்.

அத்துணிவு இல்லாவிட்டால் என்ன ஆகும்? வரலாற்றில் முதுகலை படிக்கும் ஒரு தங்கையிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அவளிடம் மடிக்கணினி இல்லை. எல்லாக் கட்டுரைகளையும் கைப்பேசியில்தான் படிக்கிறாள். "அக்கா, நான் அந்தச் சின்ன எண்ணைத் தொடறதே இல்லை. தொட்டா திரும்பி வர முடியாது" என்றாள். குறையாகக்கூட அவள் அதைச் சொல்லவில்லை. தனக்குக் கைப்பேசியைச் சரியாகக் கையாளத் தெரியவில்லை என்ற கூச்சத்தோடு சொன்னாள். வரலாற்று மாணவி ஒருத்தி அடிக்குறிப்பைத் தொடுவதில்லை என்றால், ஆசிரியர் சொல்வதை ஏற்றுக்கொண்டு மேலே போகிறாள் என்று பொருள். எந்த ஆவணத்தைக் கொண்டு இம்முடிவுக்கு வந்தார், அந்த ஆவணம் அதைத்தான் சொல்கிறதா என்று பார்க்கும் பழக்கம் அவளிடம் முளைக்கும் முன்பே கருகிவிடுகிறது. நம் வகுப்பறைகளில் மாணவர்கள் மேற்கோள்களைச் சரிபார்ப்பதில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் ஆசிரியர்கள், அவர்கள் எந்தக் கருவியில் படிக்கிறார்கள் என்பதை ஒருமுறை வாங்கிப் பார்க்கலாம்.

இனி, ஏன் இப்படி நிகழ்கிறது என்பது. உலாவி நாம் சென்ற முகவரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிறது. பின்செல் பொத்தான் மேலே உள்ளதை எடுத்துவிட்டு அடுத்ததைக் காட்டுகிறது. ஒவ்வொரு பக்கமும் தனித்தனி முகவரியில் இருந்த காலத்தில் இதற்காக யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒரே நீண்ட பக்கத்துக்குள் அடிக்குறிப்புக்குத் தாவினாலும் அத்தாவலை உலாவி ஓர் அடியாகக் கொள்ளும். திரும்பினால் விட்ட வரியிலேயே நிறுத்தும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய பக்கங்களை இன்றும் திறந்து பாருங்கள். அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் பின்செல் பொத்தான் அங்கே பிசகுவதில்லை. விக்கிப்பீடியாவில் அடிக்குறிப்பின் முன்னே மேல்நோக்கிய சிறு குறி ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் எண் இருந்த வரிக்குப் போகலாம். ஒரே சான்றைப் பல இடங்களில் காட்டியிருந்தால் அக்குறியின் அருகில் பல எழுத்துகள் நிற்கும், எதிலிருந்து வந்தோம் என்று முன்பெல்லாம் நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது. உலாவியின் பொத்தானுக்கு அந்தக் குழப்பம்கூட இல்லை.

செயலிகள் வந்தபோது இது மாறியது. பக்கம் ஒன்றுதான், அதற்குள் உள்ளடக்கம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். எந்த மாற்றத்தை ஓர் அடியாக எண்ணுவது என்று உலாவிக்குத் தெரியாது. எனவே அம்முடிவைச் செயலியை எழுதுபவரிடமே விட்டுவிட்டார்கள். 2014இல் பரிந்துரையாக வெளியான எச்.டி.எம்.எல். 5 இதற்கு இரண்டு கட்டளைகளை வைத்திருக்கிறது. ஒன்று, அடுக்கின் மேல் புதிய அடியை வைப்பது. மற்றொன்று, மேலே இருக்கும் அடியை அழித்து அதே இடத்தில் புதியதை எழுதுவது. முதல் கட்டளையை எங்குமே பயன்படுத்தாத செயலி நம்மை நூலுக்கு வெளியே தள்ளுகிறது. எல்லா இடத்திலும் பயன்படுத்தும் செயலி ஐம்பது முறை அழுத்த வைக்கிறது. நான் பட்ட இரண்டு துன்பங்களும் இவ்வளவுதான்.

தமிழில் 'பின்செல்' என்று மொழிபெயர்த்தது பொருத்தம்தானா என்ற ஐயம் எனக்கு உண்டு. பின்செல்லுதல் வேறு, திரும்புதல் வேறு. கடைக்குப் போனவர் வீட்டுக்குத் திரும்புகிறார். போன வழியில் பின்னோக்கி நடந்து வருவதில்லை. வாசகர் அப்பொத்தானிடம் எதிர்பார்ப்பது திரும்புதலை. செயலிகள் தருவது பின்னோக்கி நடப்பதை. இவை இரண்டோடு மூன்றாவதாக மேலேறுதல் என்ற ஒன்றும் கலந்துவிடுகிறது: பத்தியிலிருந்து இயலுக்கு, இயலிலிருந்து உள்ளடக்கப் பட்டியலுக்கு, அங்கிருந்து நூலடுக்குக்கு. ஆண்ட்ராய்டு 2011இல் தன் 3.0 பதிப்பில் மேலேறுவதற்குத் தனிக் குறி வைத்தது. ஆயினும் இரண்டு குறிகளும் இடப்புறம் நோக்கிய அம்புகளாகவே இருந்தமையால் மயக்கம் தீரவில்லை. நான் படித்த செயலியில் மேல் மூலையில் ஓர் அம்பும் உலாவியில் ஓர் அம்பும் உள்ளன. எது எங்கே கொண்டுபோகும் என்று இன்றுவரை எனக்கு மனப்பாடமாகவில்லை.

நன்னூலார் நூற்பாக்கள் அமையும் நிலையை ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என நான்காகச் சொன்னதை மாணவர்கள் அறிவார்கள். அது நூற்பா வைப்பைப் பற்றியது. வாசிப்பைப் பற்றியது அன்று. இருந்தாலும் வாசிப்புச் செயலிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது. அவற்றை உருவாக்குபவர்கள் ஆற்றொழுக்கை மட்டுமே வாசிப்பு என்று எண்ணுகிறார்கள் போலும். நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பவருக்கு அது போதும். உரைநூலையோ ஆய்வுக் கட்டுரையையோ படிப்பவர் பருந்தைப் போல ஒன்றைக் கவ்விக்கொண்டு மேலே எழ வேண்டியவர். தொல்காப்பியச் செய்யுளியல் 'மாட்டு' என்று ஓர் உறுப்பையே சொல்கிறது: அருகிலோ தொலைவிலோ கிடக்கும் பொருளைக் கொண்டுவந்து இணைத்து முடிப்பது. நச்சினார்க்கினியர் அதை அளவுக்கு மீறிக் கையாண்டார் என்று மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் கடிந்துகொண்டார். அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு கதை. தொலைவில் உள்ளதை இழுத்து வந்து படிப்பது நம் உரைமரபின் இயல்பான வாசிப்பு முறை என்பதை மட்டும் இங்கே சொல்லி நகர்கிறேன்.

இது கணினித் துறையினர் அறியாத செய்தியும் அன்று. 1945இல் வன்னெவர் புஷ் மெமெக்ஸ் என்ற கற்பனைக் கருவியைப் பற்றி எழுதியபோதே, வாசகர் ஆவணத்திலிருந்து ஆவணத்துக்குச் சென்ற தடம் அழியாமல் சேமிக்கப்பட வேண்டும் என்றார். வலை பிறந்த சில ஆண்டுகளில், 1995இல் கேட்லெட்ஜ், பிட்கோ இருவரும் வெளியிட்ட ஆய்வில், பயனர்களின் வழிச்செலவுச் செயல்களில் 52 விழுக்காடு இணைப்பைத் தொடுவது, 41 விழுக்காடு பின்செல்வது என்று கண்டார்கள். 1997இல் டாஷர், கிரீன்பெர்க் ஆய்வு, ஒருவர் பார்க்கும் பக்கங்களில் 58 விழுக்காடு முன்பே பார்த்தவை என்றது. வாசிப்பில் ஏறத்தாழ பாதி திரும்புதல்தான் என்பது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எண்ணிக் காட்டப்பட்ட ஒன்று. உலாவியின் அடுக்கு முறையையே பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதையும் காக்பர்ன், ஜோன்ஸ் ஆகிய இருவர் 1996இல் எழுதிவிட்டார்கள். முதல் குறிப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி, இரண்டாம் குறிப்புக்குப் போனால், முதல் குறிப்பு அடுக்கிலிருந்தே மறைந்துவிடும். பத்து மேற்கோள்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வாளருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்? முதல் திருத்தம் எளியது. பக்கம் புரட்டுவது அடியாக எண்ணப்படக் கூடாது. அடுக்கின் மேலுள்ள இடத்தை அது புதுப்பித்துக்கொண்டே வந்தால் போதும். இணைப்பைத் தொட்டோ, தேடியோ, உள்ளடக்கப் பட்டியலிலிருந்தோ வாசகர் தாவும்போது மட்டும் புதிய அடி வைக்கப்பட வேண்டும். இரண்டு கட்டளைகளும் ஏற்கனவே இருப்பவை. எதை எங்கே இடுவது என்று தீர்மானிக்க வாசிப்பைப் பற்றிச் சிறிது சிந்தித்தால் போதும். அடுத்தது, போகும் இடத்தைப் பொத்தானிலேயே எழுதுவது. ஆப்பிள் புக்ஸின் பழைய பதிப்புகளில் தாவியபின் கீழே "இன்ன பக்கத்துக்குத் திரும்புக" என்று எண்ணோடு ஒரு வரி தோன்றியது. இவ்வளவு சிறிய உதவி ஏன் எல்லாவற்றிலும் இல்லை என்பது எனக்கு விளங்கவில்லை. (பி.டி.எஃப். கோப்புகளை அக்ரோபேட்டில் படிப்பவர்கள் விண்டோஸில் ஆல்ட் விசையோடு இடப்புற அம்பை அழுத்திப் பாருங்கள். தாவிய இடத்திலிருந்து முந்தைய இடத்துக்கு வந்துவிடலாம். இதை அறியாமலே நான் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டு ஆண்டுகளைக் கழித்துவிட்டேன்.)

விட்ட வரியிலேயே நிறுத்துவது மெய்யாகவே கடினம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத்தின் அளவை மாற்றினால் பக்கங்கள் மாறும். கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்தால் வரிகள் உடையும். தமிழ் எழுத்துரு தாமதமாக வந்து இறங்கும்போது பத்திகள் ஒரு விரற்கடை நகர்ந்துவிடும். ஆகவே திரையின் உயரத்தை அளந்து இடத்தைக் குறித்துவைத்தால் அது தவறத்தான் செய்யும். எந்தப் பத்தி, அதில் எத்தனையாவது எழுத்து என்று நூலின் உள்ளமைப்பைக் கொண்டு குறிக்க வேண்டும். இபப் நூல்களுக்கு 2011 முதல் அத்தகைய குறியீட்டு முறை ஒன்று இருக்கிறது. நூற்பா எண்ணும் பாடல் எண்ணும் உள்ள நம் இலக்கியங்களுக்கு இது இன்னும் எளிது, உ.வே.சா. பதிப்புகளைப் பயன்படுத்தியவர்களுக்கு எண்ணைக் கொண்டு இடம் காண்பது கைவந்த பழக்கம்.

குறிப்பை அதே இடத்தில் சிறு பெட்டியாக விரித்துக் காட்டினால் இந்தச் சிக்கலே எழாதே என்று கணினித் துறை நண்பர் ஒருவர் சொன்னார். இரண்டு வரிக் குறிப்புக்கு அது சரி, நானும் வரவேற்கிறேன். முப்பது வரி அகப்பாட்டை உள்ளங்கையளவு பெட்டியில் படிக்க முடியாது. அப்பாடலின் உரைக்குள் இன்னொரு இணைப்பு இருந்தால் பெட்டிக்குள் பெட்டி திறக்கும். புதிய டேபில் திறக்கலாம் என்றார் இன்னொருவர். மடிக்கணினியில் நான் அப்படித்தான் செய்கிறேன். கைப்பேசியில் படிப்பவருக்கு நாற்பது டேபுகளுள் எது உரை, எது பாடல் என்று தேடுவது இன்னொரு தொல்லை. அதோடு, பழைய டேபுக்கு மீண்டும் வரும்போது அது முதலிலிருந்து ஏறும். நிறுவன உள்நுழைவு காலாவதியாகியிருந்தால் கடவுச்சொல் கேட்கும். அதன்பின் அட்டைப்படம்தான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். வாசகர் சென்ற இடங்களையெல்லாம் பட்டியலாகக் காட்ட வேண்டும் என்று கேட்கிறேன். அப்பட்டியல் வாசகரின் கருவியிலேயே இருக்க வேண்டும். நிறுவனத்தின் வழங்கியில் சேரக் கூடாது. யார் எந்த நூலில் எந்தப் பக்கத்துக்கு எத்தனை முறை திரும்பினார் என்பது வாசகருக்கும் நூலுக்கும் இடையே உள்ள செய்தி.

இதை இப்போது எழுப்புவதற்குக் காரணம் உண்டு. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள், சுமார் 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும். அணுக்கம் கிடைத்தது பெரிய செய்தி. சிறு நகரக் கல்லூரிகளில் அதன் அருமை தெரியும். ஆனால் முப்பது பதிப்பகங்கள் என்றால் முப்பது வாசிப்புத் தளங்கள், ஒவ்வொன்றிலும் பொத்தான் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். இவ்வளவு பணம் கொடுக்கும் தரப்பு, கட்டணத்தையும் இதழ்களின் எண்ணிக்கையையும் பேசியதைப் போல இதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகக் கேட்கலாம். பதிப்பகங்கள் செய்யும். கேட்காததைத் தாமாகச் செய்ய அவர்களுக்கு என்ன தேவை?

எங்கள் குழு இம்மாத இறுதியில் மீண்டும் கூடுகிறது. சோதனைக் காலத்தில் உள்ள செயலியை நண்பர்கள் தத்தம் கைப்பேசியில் ஒருமுறை சோதித்துத் தந்தால் என் வாதத்துக்கு வலுச் சேரும். பத்து நிமிடம் போதும். ஒரு நூலைத் திறந்து பத்துப் பக்கம் புரட்டுங்கள். எழுத்தின் அளவை ஒருபடி கூட்டுங்கள். படித்துக்கொண்டிருக்கும் வரியைத் தாளில் எழுதிவைத்துவிட்டு, அதிலுள்ள குறிப்பு எண்ணைத் தொடுங்கள். குறிப்புக்குள் வேறோர் இணைப்பு இருந்தால் அதற்கும் போங்கள். கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டுத் தேநீர் குடித்து வாருங்கள். பின்னர் எத்தனை முறை தாவினீர்களோ அத்தனை முறை மட்டும் பின்செல் பொத்தானை அழுத்துங்கள். தாளில் உள்ள வரி திரையில் இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே இருக்கிறீர்கள் என்று கருவியின் பெயரோடு எனக்கு எழுதுங்கள். அந்தத் தங்கையும் தன் கைப்பேசியில் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.